தட்டில் விளைந்த முத்து

இரண்டு குப்பிகளையும் எதற்குள் வைத்துக் கொண்டுபோவது என்பதுதான் அன்று காலை பால்துரைக்கு வந்த முதல் கஷ்டம்.

டிபன் காரியரில் வைக்கலாம் என்றால், முத்துக்கனி சமையற்கட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சோறு கொண்டுபோற ஏனத்துலயா அதை வைப்பிய? எவனாவது பாத்தா நாளைக்கு நம்ம கடையில கை நனைப்பானா?"

"அப்போ கையில ஏந்திக்கிட்டே போவட்டா?"

"நான் என்னத்தக் கண்டேன்? கேட்டது டாக்டரு. குடுக்கப் போறது நீங்க."

கடைசியில் மடக்கிய குடைக்குள் இரண்டையும் இறக்கினான். பங்குனி வெயிலில் குடையை விரிக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் நடந்த மனிதன் அந்த வருஷத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

குப்பிகளில் இருந்தது, புருஷன் பெண்சாதி இருவருடைய காலைக்கடனிலும் ஒரு சுண்டைக்காய் அளவு. ஒவ்வொரு குப்பியின் கழுத்திலும் பேர் எழுதிய ஒரு சீட்டு நூலால் கட்டித் தொங்கியது.

துறைமுகத்தை ஒட்டி பால்துரை ஒரு கிளப்புக் கடை வைத்திருந்தான். கடை என்றால் அவனும் முத்துக்கனியும்தான்; மூன்றாவது ஆள் கிடையாது. முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சங்கு எடுக்கிறவர்கள் வருஷா வருஷம் கடலுக்குள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். வல்லம் ஏறுவதற்கு முன்னால் அவர்கள் வயிறு நிறைவது இங்கேதான்.

அந்தக் கூட்டத்தில் நீண்ட மூச்சுக்காரனான ரோச் முதலில் காய்ச்சலில் விழுந்தான். குளிர்க்காய்ச்சல் என்று கொயினா கொடுத்தார்கள். காது அடைத்ததே தவிரக் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் தேவபிரசாதம் அவன் ரத்தத்தை எடுத்து ஒரு சாற்றுக் குப்பியில் விட்டு வைத்தார். அதிலிருந்து ஒரு தட்டில் வளர்ந்து வந்தது வேறு கிருமி. டைபாய்டு என்றார். அடுத்தடுத்து இன்னும் சிலர் படுத்தார்கள். எல்லாரும் பால்துரை கடையில் சாப்பிட்டவர்கள்.

"முன்னால இந்தக் காய்ச்சல் வந்து பிழைச்சவங்க சில பேர் உடம்புல, காய்ச்சல் போனாலும் கிருமி போகாது" என்று டாக்டர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஆள் கல்லு மாதிரி இருப்பார். அவர் கை பட்டதைச் சாப்பிடுறவன் படுப்பான். ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. வளர்த்துப் பார்த்துத்தான் சொல்லணும்."

டாக்டர் போனதும் முத்துக்கனி மெதுவாகக் கேட்டாள்: "சின்னப் பிள்ளையில ஒங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்து பேச்சு மூச்சு இல்லாம கெடந்தியளாமே. அத்தை சொன்னாவ."

"அது மாரியாத்தா வந்து எறங்குனது. அம்மை" என்று பால்துரை பேச்சை வெட்டினான். அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. அவன் நினைப்பெல்லாம் வேறு காய்ச்சலில் இருந்தது. போன வருஷம், கல்யாணமான புதிதில், முத்துக்கனிக்கு வந்த காய்ச்சல். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி அத்தனையும் கொட்டி, இப்போதுதான் தோள்வரை வளர்ந்திருந்தது. "வந்ததும் வராததுமா சீக்கைக் கொண்டாந்துட்டா" என்று சாத்தான்குளத்தில் அவன் அம்மா சொன்னது அதற்குள் நாலு ஊருக்குப் போயிருந்தது. இப்போது டாக்டரே இவள் கையில் விஷம் என்று சொல்லிவிட்டால், அம்மா வில்வண்டி பூட்டிக்கொண்டு வந்து இவளைத் தாய்வீட்டில் இறக்கிவிட்டுத்தான் ஓய்வாள். அயிரை மீனும் மாங்காயும் போட்டு ஒரு குழம்பு வைத்தால் துறைமுகமே மூக்கை நிமிர்த்தும் கை அது. அந்தக் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்க யாரையும் விடுவதாக இல்லை பால்துரை.

சாலையில் எதிர்ப்பட்ட ஒருவர், "அண்ணாச்சி, வெயிலு மண்டையப் பொளக்கு. கொடைய விரிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"கம்பி ஒடைஞ்சிருக்கு."

"ஒடைஞ்ச கொடைய எதுக்கு பிள்ளை மாதிரி அணைச்சிக்கிட்டுப் போறிய?"

பால்துரை நடையை எட்டிப் போட்டான். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வல்லத்தின் மறைவில் உட்கார்ந்து, குப்பிகளை எடுத்து, சீட்டுகளை அவிழ்த்தான். முத்துக்கனியின் குப்பியில் தன் பேரைக் கட்டினான். தன் குப்பியில் அவள் பேரைக் கட்டினான். கல்யாணத்தன்று போட்டதைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டான். வருவது எதுவானாலும் தன் பேருக்கு வரட்டும். தான் கல்லாப்பெட்டியில் உட்காருகிறவன்தானே.

ஆஸ்பத்திரிப் பின்கட்டில் இருந்த சோதனைச்சாலையில் மனுவேல் என்ற சிப்பந்தி குப்பிகளை வாங்கி ஜன்னல் ஓரத்தில் வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் முத்துக்கனி கேட்டாள்: "குடுத்துட்டியளா? டாக்டர் கையிலயா குடுத்திய?"

"இல்ல. மனுவேல்ட்ட. ஜன்னல்ல வச்சிருக்கான். சாயங்காலம்தான் டாக்டர் வருவாராம்."

"சரி, நான் கோயிலுக்குப் போயிட்டு வந்திருதேன்."

அவள் போய், வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள். நெற்றியில் திருநீறு இல்லை. பால்துரை அதைக் கவனித்திருப்பான். ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவளும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து டாக்டர் ஆள் அனுப்பினார்.

சோதனைச்சாலைக்குள் பால்துரை அதற்குமுன் கால் வைத்ததில்லை. மனுவேல் ஒரு மெல்லிய கம்பியை ஸ்பிரிட் விளக்கில் காட்டினான். அது தங்கமாய்ச் சிவந்து அடங்கியது. மூலையில் ஒரு பெட்டி, மனித உடம்பின் சூட்டிலேயே இரவும் பகலும் இருக்குமாம். அதிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து, டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்க."

தட்டில் திராட்சை நிறத்தில் ஒரு பாகு உறைந்திருந்தது. அதன்மேல் ரோஜா நிறப் புள்ளிகள். அவற்றின் நடுவே, நிறமே இல்லாமல், உருண்டையாய், பனித்துளிபோல ஒளி ஊடுருவும் சின்னச் சின்ன மணிகள்.

பால்துரை தோளில் கிடந்த துண்டைத் தன்னையறியாமல் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். சந்நிதியில் மட்டும்தான் அவன் அப்படிச் செய்வது வழக்கம்.

"முத்து மாதிரில்லா இருக்கு டாக்டர்."

"அதுதான் டைபாய்டு கிருமி. குப்பியில கொண்டு வந்தப்போ இதைக் கண்ணால பார்த்தீங்களா?"

"இல்ல."

"எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒரே ஒரு கிருமி ஒரு இடத்துல ஒட்டி உக்காரும். தின்னும், பெருகும். மறுநாள் பார்த்தா ஒரு புள்ளி. இந்த ஒரு புள்ளிக்குள்ள இந்த ஊர் ஜனத்தைவிட அதிகம் பேர் இருக்கு. எல்லாம் ஒரே வம்சம்."

பால்துரை மூச்சை அடக்கிக்கொண்டான். பலமாக விட்டால் அந்த ஊர் பறந்துவிடும்போல் இருந்தது.

"இதுக்குத் தீனி என்ன டாக்டர்?"

"பித்த உப்பும் பால்சர்க்கரையும் போட்ட சாறு. சாதாரணக் கிருமி பால்சர்க்கரையைத் தின்னும், சிவந்துபோகும். டைபாய்டு அதைத் தொடாது, வெளுப்பாவே நிக்கும்."

அது அவனுக்குச் சட்டென்று புரிந்தது. கிருமிகளுக்கு டாக்டர் ஒரு கிளப்புக் கடை வைத்திருக்கிறார். இலையில் எதைத் தின்கிறான், எதை ஒதுக்குகிறான் என்று பார்த்தே வந்தவன் யாரென்று சொல்லிவிடுகிறார். கல்லாப்பெட்டியிலிருந்து தானும் அதைத்தான் பார்க்கிறான். ஆனால் தன்னால் இப்படி ஒரு தட்டை விரித்து ஒளிந்திருப்பவனை வெளியே அழைக்க முடியுமா?

"இந்தப் பாகு எதுல உறையுது?"

"கஞ்சிப்பாசி. ஜப்பான்காரன் சண்டைக்கு வந்ததும் அவன் நாட்டுப் பாசி வர்றது நின்னுபோச்சு. நம்ம கடல் பாசியைத்தான் காய்ச்சி வடிகட்டினோம். மெட்ராஸ்ல பெரியவங்க சிரிச்சாங்க. இப்போ பாருங்க, கண்ணாடி மாதிரி நிக்குது."

காலடியில் மிதிபடுகிற பாசி. காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி வைக்கிற பாசி. அதுவா இங்கே வந்து இப்படிச் சாட்சி சொல்லுகிறது?

"இது யார் குப்பி டாக்டர்?"

"உங்க பேர்ல வந்தது" என்றார் டாக்டர். "வீட்டம்மாவோட தட்டுல ஒண்ணும் இல்லை. இனிமே கடையில ஒரு சொட்டுத் தண்ணியைக்கூட நீங்க தொடக் கூடாது. கல்லாப்பெட்டியோட சரி."

திட்டம் பலித்துவிட்டது. சோதனைச்சாலைப் படி இறங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது: பலித்ததுதான் ஆபத்து. கிருமி முத்துக்கனியிடம் இருக்கிறது; அவளைச் சமைக்கச் சொல்லி டாக்டரே உத்தரவு போட்டிருக்கிறார்.

அவளை அடுப்படியிலிருந்து எப்படிக் கிளப்புவது? வழி நெடுகக் காரணம் தேடிக்கொண்டே வந்தான். புகை கண்ணுக்கு ஆகாது, ஜோசியர் சொன்னார், தனக்கே சமையல் ஆசை வந்துவிட்டது என்று பலதும் கோத்து வைத்துக்கொண்டான்.

"ஏளா முத்துக்கனி, கிருமி என் பேர்லதான் வந்திருக்காம். இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு நீயும் அடுப்படிக்குப் போவாண்டாம்."

"சரி."

கல்யாணமான நாள் முதல் அவள் ஒரே சொல்லில் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கும் வலது கை சுளுக்கிட்டு. கரண்டியே பிடிக்க முடியல."

"காலையில அம்மி அரைச்சியே?"

"அரைச்சதுலதான் சுளுக்கிட்டு."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தால் விலாசமா விசாரிப்பார்கள்?

மறுநாள் முதல் பால்துரையே சமைத்தான். தன் கை சுத்தமான கை என்று அவனுக்குத்தான் தெரியுமே. ஆனால் டாக்டர் விலக்கிய ஆள் சமைக்கிறான் என்று ஊருக்குத் தெரியக் கூடாது. ஆகையால் சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் குழம்பு கூட்ட, கதவோரத்தில் முத்துக்கனி உட்கார்ந்து வளையலைக் குலுக்கிக்கொண்டும் காலிச் சட்டியைத் தட்டிக்கொண்டும் இருந்தாள்.

வெளியே இலைமுன் இருந்தவர்கள் பேசிக்கொள்வது கேட்கும்.

"என்னலே, குழம்பு இன்னைக்குக் கடல் தண்ணியா கரிக்கு?"

"அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் சண்டையா இருக்கும். வளையல் சத்தத்தக் கேளு. அவ்வளவு கோவம்."

முத்துக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளைப் பார்த்து அவனும் சிரிப்பான். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றுபோகும்.

குழம்பின் குறையை ஈடுகட்ட, விடியற்காலையில் பழைய சோற்றை வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டான். அது எப்போதுமே அவன் பொறுப்பு. பெரிய பானைக்குள் முழங்கைவரை விட்டுப் பிசைந்து, மோர் ஊற்றி, வெங்காயம் கிள்ளிப் போட்டு, வல்லம் ஏறுகிறவர்களுக்குத் தன் கையாலேயே அள்ளி ஊற்றுவான். காய்ச்சலில் கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் பரிகாரம்போல ஒரு செம்பு மோர் கலக்கி அனுப்பினான்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் குறைய வேண்டும். ஏறியது. மோர் போன வீடுகளில் பக்கத்துப் பாய்களும் விரிந்தன.

இவள்தான் தண்ணீர்ப் பானையைத் தொடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். "ஏளா, தண்ணியும் நானே எடுத்துக்கிடுதேன்" என்றான்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் அவள்.

அதன்பின் தண்ணீரும் அவன் கையால்தான். காய்ச்சல் இன்னும் ஏறியது.

ஒருநாள் மத்தியானம் முத்துக்கனி கொல்லைப்புறத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தான். தனித் தட்டு, தனித் தம்ளர். சாப்பிட்டு முடித்து இரண்டையும் வெந்நீரில் போட்டுக் கழுவி, யார் கையும் படாமல் உயர வைத்தாள். பால்துரை தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். தான் சொல்லாமலே இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் டாக்டர் தேவபிரசாதம் கடைக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் பால்துரை தாங்கியிருப்பான். அவர் சோர்ந்து வந்தார்.

"உங்களைத் தள்ளி வச்சும் காய்ச்சல் ஏறுது. அப்போ என் தட்டு பொய் சொல்லியிருக்கு. மெட்ராஸ்ல சிரிச்சது சரிதான். கஞ்சிப்பாசியை நம்பினது என் தப்பு. எல்லாத் தட்டையும் கழுவிக் கவுத்திடச் சொல்லப் போறேன்."

"கவுத்திட்டா?"

"பழையபடி நாக்கைப் பார்த்து, நாடியைப் பிடிச்சு, கொயினா குடுக்க வேண்டியதுதான். பிழைக்கிறவன் பிழைக்கட்டும்."

பால்துரைக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் நினைவு வந்தது. திராட்சை நிறப் பாகில் நின்ற அந்த மணிகள். கொயினா தின்று காது செவிடாகிக் கிடந்த ரோச் அந்தப் பாசித் தட்டு நோயின் பேரைச் சொல்லிக் கொயினாவை நிறுத்திய பிறகுதானே பிழைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறான்? தன் பெண்சாதியைக் காப்பாற்றப் போய், உண்மை சொன்ன தட்டின்மேல் பழி விழுகிறதே.

"தட்டு பொய் சொல்லல டாக்டர்" என்றான். "நாந்தான் பொய் சொன்னேன். சீட்டை மாத்திக் கட்டிட்டேன். என் பேர்ல வந்த குப்பி முத்துக்கனியோடது. அவளை ஒண்ணும் சொல்லிராதிய. அவளை அடுப்படிக்கு விடாம இத்தனை நாளும் நாந்தான் சமைச்சேன்."

டாக்டர் முகத்தில் கோபமும் நிம்மதியும் மாறி மாறி வந்தன. "கடையைச் சாத்துங்க. ரெண்டு பேரும் நாளைக்கு அங்கேயே வந்து புதுசாக் குடுங்க. மனுவேல் கண்ணு முன்னால பேர் எழுதட்டும்."

மறுநாள் குப்பியைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் முத்துக்கனி சொன்னாள்: "எதுக்கு இன்னொரு தடவை? எங்கிட்டதான் இருக்கு. எனக்குத் தெரியும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தட்டுகள் தயாரான அன்று இருவரும் சோதனைச்சாலை ஜன்னலோரம் நின்றார்கள். மனுவேல் விளக்கடியில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். டாக்டர் முதல் தட்டைத் தூக்கினார். ரோஜா நிறப் புள்ளிகள் மட்டும். வெளுத்த மணி ஒன்றுகூட இல்லை.

"இது அம்மாவோடது."

இரண்டாவது தட்டு. வெளிச்சம் பட்டதும் மணிகள் மின்னின. முன்பு பார்த்த அதே மணிகள், கூட்டம்தான் அதிகம்.

"இது உங்களோடது."

பால்துரை தட்டின் பக்கம் குனிந்தான். இத்தனை வருஷமாய்த் தனக்குள் இருந்தது. தான் அறியவில்லை, பெற்ற தாய் அறியவில்லை. ஒரு கைப்பிடிப் பாசிக்குத் தெரிந்திருக்கிறது.

"ஆனா நான் அடுப்படிப் பக்கமே போனதில்லையே டாக்டர், இப்போதானே போனேன்? அதுக்கு முன்னால பழைய சோறு பிசையறதோட சரி."

"எதால பிசைவீங்க?"

"கையாலதான். அது சமையல்ல சேத்தி இல்லையே."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அடுப்புல வெந்த குழம்புல கிருமி செத்துரும். அதனாலதான் அம்மா குழம்பு யாரையும் ஒண்ணும் பண்ணலை. பச்சையாப் பிசைஞ்ச சோத்துல அது திருவிழா கொண்டாடும். போன வருஷம் அம்மாவுக்கு வந்த காய்ச்சலும் அந்தக் கையிலேருந்துதான் வந்திருக்கும். இனிமே கரண்டி, பானை, தண்ணி எல்லாம் அம்மா. நீங்க ஆயுசு முழுக்கக் கல்லாப்பெட்டி."

முத்துக்கனி தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். சுளுக்கு அந்த நொடியே சரியாகிவிட்டதுபோல் விரல்களை மடக்கி நீட்டினாள். "அப்போ நான் இல்லையா?" என்று கேட்டவள், சிரிக்கவா அழவா என்று தெரியாமல் புருஷனைப் பார்த்தாள்.

டாக்டர் மட்டும் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

"ஒண்ணுதான் எனக்கு விளங்கலை. நீங்க சீட்டை மாத்தினது நிஜம்னா, போன தடவை இது அம்மா பேர்லதானே வந்திருக்கணும்? உங்க பேர்லயே எப்படி வந்தது? அப்போ என் தட்டு ஒரு தடவையாவது தப்பியிருக்கு."

முத்துக்கனி ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

மனுவேல் விளக்கை ஊதி அணைத்துவிட்டுச் சொன்னான்:

"தட்டு எங்க தப்பிச்சு டாக்டர்? அன்னைக்கு மத்தியானமே அக்கா வெயில்ல ஓடி வந்து, 'எங்க வீட்டுக்காரவ அவசரத்துல சீட்டை மாத்திக் கட்டிட்டாவ தம்பி, சரியாக் கட்டிரு'ன்னு கண்ணக் கசக்கிட்டு நின்னாவ. நாந்தான் அவுத்து மாத்திக் கட்டினேன்."